இடுக்கி அணையில் மின்சாரம் எங்கே தயாராகிறது?

கேள்வி இதுதான்: "ஓணம் சமயத்தில் இடுக்கி அணையின் மேல் நடந்து பார்த்தோம். அவ்வளவு பெரிய சுவரில் ஒரு மதகுகூட இல்லை. கீழே எட்டிப் பார்த்தால் மின் நிலையமும் இல்லை, ஆறு வறண்டு கிடக்கிறது. இதை எப்படி நீர்மின் அணை என்கிறார்கள்? 2018 வெள்ளத்தில் இடுக்கியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்திகளில் கேட்டோமே, எதைத் திறந்தார்கள்?"

நீங்கள் பார்த்ததில் பிழை ஒன்றும் இல்லை. அந்தச் சுவரில் மதகு கிடையாது, அதன் காலடியில் மின் நிலையமும் கிடையாது. மின்சாரம் தயாராவது மூலமற்றத்தில். அது மலைக்கு அந்தப் பக்கம், வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர். அணையிலிருந்து சாலை வழியே போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் மலைக்கு உள்ளே புகுந்து அங்கே போய்ச் சேருகிறது.

நான் நீலகிரியில் நீர்மின் நிலையங்களில் வேலை பார்த்தவன். குந்தாவும் பைக்காராவும் எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஆனாலும் முதல் முறை இடுக்கிக்குப் போனபோது உங்களைப் போலத்தான் நானும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றேன். ஒரு பக்கம் மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகிற தண்ணீர். மறுபக்கம் ஐந்நூறு அடிக்கும் கீழே பாறையும் புதரும், நடுவில் ஒரு சின்ன ஓடை. அந்த ஓடைதான் பெரியாறு என்றால் நம்பவே முடியவில்லை.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி விளக்கம் அதிலேயே இருக்கிறது. இடுக்கி என்றால் நம் இடுக்குதான். பெரியாறு இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போகிற இடம். ஒரு மலைக்குக் குறவன் என்று பெயர், இன்னொன்று குறத்தி. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் மலங்கரை எஸ்டேட்டின் மேற்பார்வையாளரான டபிள்யூ. ஜே. ஜான் அந்தக் காட்டுக்கு வேட்டைக்குப் போனார். வழி காட்டியவர் ஊராளிப் பழங்குடியினரின் மூப்பரான கொலும்பன். இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவே ஆறு போகிற இடத்தை அவர்தான் காட்டிக் கொடுத்தார். இங்கே தடுத்தால் என்ன என்ற எண்ணம் ஜானுக்கு வந்தது. பொறியாளரான தன் சகோதரரின் துணையோடு அதை எழுதி திருவிதாங்கூர் அரசுக்குக் கொடுத்தார். அணைக்கு அருகே வெள்ளப்பாறையில் கொலும்பனுக்கு இன்று ஒரு நினைவிடம் இருக்கிறது. அடுத்த முறை போனால் அங்கேயும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அணையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

எண்ணம் தோன்றியதற்கும் கல் வைத்ததற்கும் நடுவே பல பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 1937இல் இரண்டு இத்தாலியப் பொறியாளர்கள் வந்து பார்த்து நல்ல இடம் என்றார்கள். 1947இல் திருவிதாங்கூரின் மின் பொறியாளர் ஜோசப் ஜான், பெரியாற்றையும் அதன் துணையாறான செறுதோணியையும் சேர்த்துத் தேக்கி, தண்ணீரை மலைக்கு மேற்கே இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். இன்றைய திட்டத்தின் உருவம் அதில் வந்துவிட்டது. 1963இல் திட்டக் குழு ஒப்புதல் தந்தது. 1967இல் கனடாவுடன் உதவி ஒப்பந்தம் ஆனது. மான்ட்ரியாலைச் சேர்ந்த எஸ்.என்.சி. ஆலோசனை நிறுவனமாக வந்தது. எங்கள் குந்தாவும் கனடா உதவியில் எழுந்ததுதான், அதனால் இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறவுமுறை தோன்றும். அணையைக் கட்டிய ஒப்பந்ததாரர் இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி. 1969இல் கட்டுமானம் தொடங்கி, 1973 பிப்ரவரியில் தண்ணீர் தேக்க ஆரம்பித்து, 1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தி மின் நிலையத்தைத் தொடங்கிவைத்தார்.

இனி சுவருக்கு வருவோம். உயரம் 168.91 மீட்டர், அதாவது 554 அடி. மேலே நீளம் 366 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் நடந்த பாதையின் அகலம் ஏழரை மீட்டர். இதுவரை பெரிய ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடியில் இருக்கிறது: 554 அடி உயரச் சுவருக்கு அடிப்பகுதியின் தடிமன் 20 மீட்டர்கூட இல்லை, 19.81 மீட்டர். மேட்டூர் மாதிரி எடையால் நிற்கிற அணையை இந்த உயரத்துக்குக் கட்டினால் அடியில் 130 மீட்டர் அளவுக்கு அகலம் வேண்டியிருக்கும். அடிமட்டத்தில் தேங்கிய தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 165 டன் வலுவோடு தள்ளுகிறது. அதை இவ்வளவு ஒல்லியான சுவர் எப்படித் தாங்குகிறது?

இதற்கு ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கிணறுகளில் வட்டமாகச் செங்கல்லை அடுக்கியிருப்பார்கள், பல இடங்களில் இடையில் சாந்துகூட இருக்காது. சுற்றிலும் ஈர மண் நூறு வருடமாக உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கிணறு இடிவதில்லை. வெளியே இருந்து தள்ளுகிற ஒவ்வொரு தள்ளலும் ஒரு கல்லை அடுத்த கல்லோடு இன்னும் இறுக்குகிறது, அவ்வளவுதான். வட்டம் இருக்கும்வரை கல் உள்ளே விழ வழியே இல்லை. அதே கிணற்றைச் சதுரமாக வெட்டி அதே கல்லை அடுக்கிப் பாருங்கள், நாலு மழைக்குத் தாங்காது.

இடுக்கி அணை அப்படிப்பட்ட ஒரு பிரம்மாண்டக் கிணற்றுச் சுவரில் வெட்டி எடுத்த ஒரு துண்டு. வளைவின் வயிறு தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. தண்ணீர் தள்ளத் தள்ள, சுவர் இரண்டு பக்கமும் விரிந்து குறவன் மேலும் குறத்தி மேலும் சாய்கிறது. கிணற்றில் மீதி வட்டம் செய்கிற வேலையை இங்கே அந்த இரண்டு மலைகளும் செய்கின்றன. பக்கவாட்டில் மட்டும் அல்ல, மேலிருந்து கீழாகவும் சுவர் வளைந்திருக்கிறது, பானை ஓட்டின் ஒரு சில்லைப் போல. இதைத்தான் இரட்டை வளைவு என்கிறார்கள். நம் நாட்டில் இந்த வகையில் பெரிதாகக் கட்டப்பட்ட முதல் அணை இது.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மலை அசையக் கூடாது. பாறையில் பிளவோ மக்கலோ இருந்தால் வளைவு அணைக்குப் பிடிமானமே போய்விடும். பிரான்சில் மல்பாசே என்ற வளைவு அணை 1959இல் இடிந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கான்கிரீட் தரமாகத்தான் இருந்தது, இடக்கரைப் பாறைதான் நகர்ந்துவிட்டது. அதனால் வளைவு அணை கட்டுகிறவர்கள் சுவரைவிட மலையைத்தான் அதிகம் சோதிப்பார்கள். இடுக்கியில் இரண்டு பக்கமும் கெட்டியான கருங்கல் வகைப் பாறை. கொலும்பன் காட்டிய இடத்தின் அருமை அது.

கான்கிரீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், வீடு கட்டியவர்களுக்குச் சட்டெனப் புரியும். சிமென்ட் இறுகும்போது சூடாகும். வீட்டுத் தளத்தில் அந்தச் சூடு சில நாளில் போய்விடும். இருபது மீட்டர் தடிமனுக்குள் மாட்டிக்கொண்ட சூடு எளிதில் வெளியேறாது. வெளியே ஆறி உள்ளே சூடாக இருந்தால் விரிசல் விடும். அதனால் இத்தகைய அணைகளை ஒரே மூச்சில் வார்க்க மாட்டார்கள். தனித் தனித் தூண்களாக, சில அடி உயர அடுக்குகளாக எழுப்பி, நன்றாக ஆறிச் சுருங்கிய பிறகு தூண்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியில் சிமென்ட் குழம்பை அழுத்தத்தோடு செலுத்தி ஒரே உடம்பாக்குவார்கள். அந்தக் குழம்பு இறுகிய பிறகுதான் அது வளைவு அணை. அதுவரை வரிசையாக நிற்கிற தூண்கள்தான்.

இன்னொன்று: வளைவு அணை அசையும். தண்ணீர் ஏறினால் ஒரு நூல் வெளியே வளையும், இறங்கினால் திரும்பி வரும், வெயிலுக்கும் குளிருக்கும்கூட அசையும். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடுவாரே, அதே தத்துவத்தில் சுவருக்கு உள்ளே மேலிருந்து கீழ்வரை கம்பியில் குண்டைத் தொங்கவிட்டு, அசைவை மில்லிமீட்டர் கணக்கில் எழுதிவருவார்கள். அசைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வழக்கமான அசைவு மாறினால்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது மதகு. இவ்வளவு மெல்லிய சுவரைத் துளைத்து மதகு வைப்பதும் சரி, வெள்ளத் தண்ணீரை 500 அடிக்கு மேலிருந்து நேராக அணையின் காலடியில், அந்தக் குறுகிய இடுக்கில் கொட்டுவதும் சரி, அடிப்பாறையை அரித்துவிடும். பிடிமானமே பாறைதான் என்று இப்போதுதானே பார்த்தோம். அதனால் தண்ணீரை வெளியேற்றுகிற வேலையைப் பக்கத்து அணைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆம், இடுக்கி என்பது ஒரே அணை இல்லை, மூன்று.

காரணம் எளிது. ஒரு குளத்துக் கரையை உயர்த்தினால் தண்ணீர் வேறு எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே வழியும். பெரியாற்றை 550 அடி உயர்த்தினால் முதலில் பக்கத்திலேயே செறுதோணி ஆற்றின் வழியாக ஓடிவிடும், அங்கே இரண்டாவது அணை. இன்னொரு பக்கம், தூரத்தில் கிளிவள்ளித்தோடு என்ற ஓடை வழியாக நழுவிவிடும், அங்கே குளமாவு அணை. மூன்றும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கம். மொத்தக் கொள்ளளவு சுமார் 200 கோடி கன மீட்டர், நம் கணக்கில் 70 டி.எம்.சி.; ஒப்பிட்டுப் பார்க்க மேட்டூர் 93.47 டி.எம்.சி. பரப்பு மட்டும் 60 சதுர கிலோமீட்டர்தான், ஏனென்றால் இது அகலமான ஏரி இல்லை, ஆழமான பள்ளத்தாக்குகளை நிரப்பிய தண்ணீர்.

செறுதோணி அணை சாதாரண எடை அணை. உயரம் 138 மீட்டர், நீளம் 650 மீட்டர். அதற்கு ஆன கான்கிரீட் சுமார் 17 லட்சம் கன மீட்டர். அதைவிட முப்பது மீட்டர் உயரமான இடுக்கிக்கு ஆனது ஏறக்குறைய 4.6 லட்சம்தான். செறுதோணி நீளமானது என்பதைக் கழித்துக்கொண்டாலும் வளைவு எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது. 2018இல் செய்திகளில் நீங்கள் பார்த்த ஐந்து மதகுகளும் இந்தச் செறுதோணி அணையில் உள்ளவை. ஊரில் எல்லோரும் இடுக்கி திறந்தாச்சு என்றுதான் சொல்வார்கள், திறப்பது செறுதோணியை.

சரி, மின்சாரம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுவேன்.

ஒரு கணக்கு போடுவோம். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கிறது, தரையிலிருந்து பத்து மீட்டர் உயரம். அந்தத் தண்ணீர் முழுவதையும் கீழே விட்டு ஒரு சின்ன டர்பைனைச் சுற்றினால் கிடைக்கிற மின்சாரத்தில் ஒரு மின்விசிறி இருபது நிமிடம் ஓடும். அதே ஆயிரம் லிட்டரை மேட்டூரின் 120 அடியிலிருந்து விட்டால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இடுக்கித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் மூலமற்றத்தில் தருவது ஒன்றரை யூனிட். அதே மின்விசிறி இருபது மணி நேரம் ஓடும். தண்ணீர் ஒன்றுதான், விழுகிற உயரம் மட்டும் வேறு. மூலமற்றத்தில் அது 660 மீட்டருக்கு மேல், 2,100 அடிக்கும் அதிகம்.

அணையின் உயரம் 554 அடி, வீழ்ச்சி 2,100 அடிக்கு மேல் என்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கு முகம் அங்கே படியாக இறங்காமல் சரேலென்று விழுகிறது. பெரியாறு மலைக்கு மேல் உயரமான பள்ளத்தாக்கிலேயே வெகுதூரம் வடக்கும் மேற்குமாகச் சுற்றி மெதுவாக இறங்குகிற ஆறு. ஆனால் குளமாவில் நின்றால் மலையின் விளிம்புக்கு வந்துவிடுகிறோம், அதற்குக் கீழே மூலமற்றம், கிட்டத்தட்ட சமவெளி. ஆறு பல மைல் சுற்றி இறங்குகிற உயரத்தை ஒரே பாய்ச்சலில் இறக்கிவிடலாம். அதற்குத் தண்ணீர் குளமாவுவரை வந்து எட்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை. இடுக்கி வளைவு அணை செய்கிற வேலை அதுதான்: பெரியாற்றைத் தூக்கி, குளமாவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் எடுக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் நின்ற இடத்தில் மின் நிலையத்தைக் காணவில்லை.

குளமாவுக்கு அருகே தண்ணீர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் மலைக்குள் ஏறக்குறைய மட்டமாகப் போய், பிறகு கடும் சரிவில் இறங்குகிற அழுத்தக் குழாய்களில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே பாறையைக் குடைந்து மேல்நோக்கி ஒரு பெரிய கிணறு விட்டிருக்கிறார்கள். எதற்கு? வீட்டில் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் டொக்கென்று ஒரு சத்தம் வருமே, ஓடுகிற தண்ணீர் நிற்க இடமில்லாமல் மோதுகிற சத்தம் அது. இரண்டு கிலோமீட்டர் சுரங்கத் தண்ணீர் அப்படி மோதினால் குழாய் வெடித்துவிடும். மின் நிலையத்தில் திடீரென்று இயந்திரம் நின்றால், வந்துகொண்டிருக்கிற தண்ணீர் அந்தக் கிணற்றுக்குள் மேலேறி, ஆடி ஆடி அடங்கும். எங்கள் நிலையங்களிலும் இது உண்டு. இரவுப் பணியில் ஒரு முறை இயந்திரம் நின்றபோது மலைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது. முதல் தடவை கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

மின் நிலையமும் மலைக்குள்தான். நாடுகாணி மலையின் அடியில் சுமார் 140 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், பத்து மாடி உயரத்துக்குப் பாறையைக் குடைந்து எடுத்த மண்டபம். அதற்குள் ஆறு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 130 மெகாவாட், மொத்தம் 780. முதல் மூன்றும் 1976இல் பணிக்கு வந்தன, மற்ற மூன்றும் பத்து ஆண்டு கழித்து. அதற்கு முன் கேரளத்தின் பெரிய நீர்மின் நிலையம் 300 மெகாவாட் சபரிகிரி என்றால், இடுக்கி வந்தது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று பாருங்கள்.

இவ்வளவு உயர வீழ்ச்சிக்குப் பெல்டன் சக்கரம்தான் சரி. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி இரட்டைக் கிண்ணங்கள், ஒரு கடலை ஓட்டை இரண்டாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. நுனி குறுகிய குழாயிலிருந்து தண்ணீர் ஈட்டிபோல் வந்து இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே உள்ள கூரான முதுகில் அடித்து, இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்துக்குள் வழுக்கித் திரும்பி, வந்த வேகம் முழுவதையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழும். 660 மீட்டர் இறங்கிய தண்ணீர் குழாய் நுனியை விடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சக்கரத்தை விட்டு விழும்போது வாளியில் ஊற்றின மாதிரி இருக்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் வீட்டு விளக்கு. பழைய சக்கரங்களின் கிண்ணங்களை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். தண்ணீரோடு வருகிற பொடி மணல் உருக்கைக்கூட அரித்து, ஆரஞ்சுத் தோலைப் போலச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கும்.

இத்தனைக்கும் ஆறு இயந்திரமும் முழு வேகத்தில் ஓடினால் எடுக்கிற தண்ணீர் நொடிக்குச் சுமார் ஐயாயிரம் கன அடிதான். காவிரியில் அது சாதாரண நாளின் நீர்வரத்து. ஆண்டுக்குத் தோராயமாக 240 கோடி யூனிட் இதிலிருந்து கிடைக்கிறது. நிலக்கரி நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்ப மணிக்கணக்காகும், இது சில நிமிடத்தில் முழு வலுவுக்கு வந்துவிடும். அதனால் மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்கு இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இடுக்கிக்கு வருகிற தண்ணீரும் பெரியாற்று நீர் மட்டும் இல்லை. சுற்றியுள்ள சின்ன ஆறுகளைத் தடுத்து மலையைக் குடைந்து திருப்பிவிட்டிருக்கிறார்கள். கட்டப்பனை பக்கம் போனால் அஞ்சுருளியைப் பாருங்கள். இரட்டையாற்றில் தடுத்த தண்ணீர் ஐந்தரை கிலோமீட்டர் சுரங்கம் வழியே வந்து, மலையில் வட்டமாக வாய் திறந்திருக்கிற ஒரு துளையிலிருந்து வெள்ளையாகக் கொட்டும். மழைக்காலத்தில் அதன் வாயருகே போகாதீர்கள், பாறை பயங்கரமாக வழுக்கும்.

தேனிக்காரர்கள் முல்லைப் பெரியாற்றைப் பற்றிக் கேட்பீர்கள். அது இதே ஆற்றில் மேலே, 1895இல் முடிந்தது. பென்னிகுக் செய்ததும் ஒருவிதத்தில் இதே காரியம்: ஆற்றை உயர்த்தி மலையைத் துளைத்து வேறு பள்ளத்தாக்குக்கு அனுப்பினார். அவர் கிழக்கே வைகைக்கு, வயலுக்காக. இவர்கள் மேற்கே மூலமற்றத்துக்கு, மின்சாரத்துக்காக. முல்லைப் பெரியாறு நிறைந்து வழிந்தால் வண்டிப்பெரியாறு வழியாக அந்தத் தண்ணீர் இடுக்கியில்தான் வந்து விழும்.

2018க்கு வருகிறேன். செறுதோணி மதகுகள் அதற்கு முன் 1981இலும் 1992இலும்தான் வெள்ளத்துக்காகத் திறக்கப்பட்டன. நடுவே 26 ஆண்டு. ஒரு தலைமுறையே மதகு திறந்து பார்க்காமல் வளர்ந்துவிட்டது, ஆற்றங்கரையில் கடைகளும் பேருந்து நிலையமும் வந்துவிட்டன. நிறைநீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 2,403 அடி. அந்த ஆகஸ்டில் தண்ணீர் அதை நெருங்க, 9ஆம் தேதி ஒரு மதகைத் திறந்து பார்த்தார்கள், மறுநாள் ஐந்தையும் திறக்க வேண்டியதாயிற்று. செறுதோணிப் பாலத்தின் மேல் ஒரு மீட்புப் படை வீரர் குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடுகிற காட்சி நினைவிருக்கும், அவர்கள் கடந்த சற்று நேரத்தில் தண்ணீர் பாலத்தின் மேல் வந்தது. 15, 16 தேதிகளில் வெளியேற்றம் நொடிக்குச் சுமார் 1,500 கன மீட்டர்வரை போனது, அதாவது 53,000 கன அடி. மின் நிலையம் எடுக்கக்கூடியது ஐயாயிரம் என்று பார்த்தோம். பத்து மடங்கு. மின் நிலையத்தை முழுதாக ஓட்டி வெள்ளத்தைச் சமாளித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணே பதில்.

முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி வேறு, அது நியாயமான கேள்வி. மின்சாரம் எடுக்கிறவருக்கு நிறைந்த அணை கையில் உள்ள பணம், ஒரு டி.எம்.சி. தண்ணீர் நாலு கோடி யூனிட்டுக்கு மேல். வெள்ளத்தைத் தடுக்க நினைப்பவருக்குக் காலியான அணைதான் வேண்டும். ஒரே அணை இரண்டையும் முழுதாகச் செய்ய முடியாது. என் கருத்தில், ஜூலை முடிவதற்குள்ளேயே அணையை முழுதாக நிரம்ப விடுவது, மழை எவ்வளவு நன்றாகப் பெய்தாலும், ஆபத்துதான். 2018க்குப் பிறகு எந்த மாதம் எவ்வளவு உயரம்வரை நிரப்பலாம் என்ற வரம்பைக் கடைப்பிடிக்கிறார்கள். 2021இலும் 2022இலும் அதனால்தான் மதகைக் கொஞ்சமாக, நேரத்தோடு திறந்தார்கள்.

அணையைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிற்கிற இடத்தில் முன்பு ஆட்கள் இருந்தார்கள். உணவுப் பஞ்ச காலத்தில் அரசே பயிர் செய்யச் சொல்லி ஊக்குவித்ததால் மலையேறிக் குடியேறிய விவசாயிகள் பலர். அணைக்கு நீர்ப்பிடிப்பு வேண்டும் என்று 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து அவர்களை மழைக்காலத்தில் கிளப்பிக் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் விட்டார்கள். சரியான கூரைகூட இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அங்கேயே வந்து உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் அவர்கள் பக்கம் நாடு திரும்பிப் பார்த்தது. கொலும்பனின் ஊராளி மக்களும் இடம் பெயர்ந்தார்கள். இப்போதும் நல்ல கோடையில் குளமாவு பக்கம் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன வைரமணி ஊரின் கட்டடங்கள் தலை தூக்கும், அங்கே பிறந்து வளர்ந்த முதியவர்கள் தேடிப் போய்ப் பார்த்து வருவார்கள். அணை எவ்வளவு அருமையான வேலை என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இயந்திரங்களோடு இருந்தவர்களுக்கும் விலை உண்டு: 2011இல் மூலமற்றம் நிலையத்துக்குள் நடந்த வெடிப்பில் இளம் பொறியாளர் உட்பட இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தார்கள்.

பெரியாற்றுக்கும் இழப்பு இருக்கிறது. மூலமற்றத்தில் வேலை முடிந்த தண்ணீர் திரும்பப் பெரியாற்றுக்குப் போவதில்லை. தொடுபுழா ஆற்றில் விழுந்து, மலங்கரை அணையில் மறுபடி தேங்கி, மூவாற்றுப்புழா பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்து, வேம்பநாட்டுக் காயலுக்குப் போய்விடுகிறது. நீங்கள் அணை மேல் நின்று பார்த்த வறண்ட ஆறு அப்படித்தான் வறண்டது.

அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த முறை மூலமற்றத்துக்குப் போங்கள். மின் நிலையத்துக்குள் விட மாட்டார்கள், ஊரில் கால்வாய்க் கரையில் நின்றால் போதும். சித்திரை வெயிலில்கூடத் தண்ணீர் சில்லென்று இருக்கும், இருட்டிலிருந்து வருகிற தண்ணீர் அல்லவா. நான் போனபோது ஒரு மாலை நேரம். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வாளியை எடுத்து இரண்டு படி மேலே வைத்தார். ஏனென்று கேட்டேன். "தண்ணி கூடும். ஆறரை மணியாச்சில்லே" என்றார் மலையாளமும் தமிழும் கலந்து. சொல்லி வாய் மூடவில்லை, கீழ்ப்படி நனைந்தது. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் அப்போதுதான் விளக்குப் போட்டிருப்பார்கள்.